இரண்டு மரியாதைக்காரர்களுக்கு நடுவே

1

போன வாரம் திருப்பூர்ப் பஞ்சு வியாபாரி ஒருவர் கப்பலில் வந்து கோபேயில் இறங்கினார். அருணாசலம் என்று பெயர். எனக்கு முன்பின் பழக்கமில்லை. கோயமுத்தூர் ஆள் ஒருவன் ஜப்பானில் குடியிருக்கிறான் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். சில நாட்கள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கவிச்சி தொடாதவர் என்பதால் அன்று எங்கள் வீட்டிலும் பருப்பும் ரசமும்தான்.

“நல்ல மனுசங்க ராவுத்தரே, இந்த ஊர்க்காரங்க,” என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே. “போன எடத்துல எல்லாம் டீ குடுத்தாங்க. வாசல் வரைக்கும் வந்து குனிஞ்சு அனுப்பி வெச்சாங்க. ஒருத்தருகூட மாட்டேன்னு சொல்லலீங்க. ஏவாரம் முடிஞ்ச மாதிரிதான்.”

“கடைசியா என்னங்க சொன்னாங்க?”

“இங்கிலீசுல பேசிக்கிட்டே வந்தவங்க, கடைசியில அவங்க பாசைக்குப் போயிட்டாங்க. ஆனா ஒண்ணு, எல்லாருமே காங்கேயத்தைப் பத்தித்தான் சொன்னாங்க. நம்ம பக்கத்துச் சரக்கு இங்க பேர் வாங்கியிருக்குமாட்ட இருக்குது.”

சமையலறையிலிருந்து என் மனைவி பாத்திமா எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் காங்கேயத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ‘காங்காயெத்தே ஒகிமாஸ்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ‘யோசித்து வைக்கிறேன்’ என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அப்படியே தமிழ் அமைப்புதான். யோசித்து, பிறகு அதை ஓர் ஓரமாக வைப்பது. ஆனால் கோபேயிலோ ஒஸாக்காவிலோ ஒரு வியாபாரி இதைச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. எடுப்பதற்காக வைப்பதில்லை.

சொல்லாமல் விட்டால் அவர் ஊருக்குப் போய்ப் பருத்தியை வாங்கிக் குவித்துவிடுவார். அதனால் ரசம் சோறு முடியட்டும் என்று காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். வெளிநாட்டுப் பஞ்சை இறக்குவதற்கு இங்கே அரசாங்கம் கட்டுப்பாடு வைத்திருப்பதையும் சொன்னேன்.

“நம்மூருல ‘பாக்கலாங்க’ன்னு சொல்றமே, அந்த மாதிரிங்களா?”

“அதேதானுங்க.”

“இதைக் கேக்கறதுக்கு இத்தனை தூரம் கப்பல்ல வந்தேனுங்களா? ஊருலயே கேட்டிருப்பனே,” என்று சொல்லிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார்.

போகும்போது, “இதையெல்லாம் எழுதிப் போடுங்க ராவுத்தரே, இனி வர்றவங்களுக்காச்சும் ஆகும்,” என்றார். அவர் பேச்சைத் தட்டாமல் எழுதுகிறேன். யாருக்காவது ஆகுமா என்று தெரியவில்லை.

2

நான் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் பிறந்தவன். திருப்பூரில் பஞ்சு வாங்கும் ஜப்பான் கம்பெனிக் கிளை ஒன்றில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். தலைமை ஆபீசில் இந்தியப் பருத்திப் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டுமென்று கோபேக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். இப்போது என் மகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

வந்த புதிதில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெயர் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கிருந்த அதிகாரி மிகவும் நல்லவர். என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். அவரால் அதை நம்ப முடியவில்லை. குடும்பம் இருக்கிறது, பெயர் இல்லையா? கடைசியில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இபுராகிம் காதர் மைதீன் என்று இருந்தது. இந்த ஊரில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து நான் இபுராஹிமு-சான். ‘சான்’ என்பது பெயருக்குப் பின்னால் போடும் மரியாதைச் சொல்.

இபுராகிம் என்பது என் அத்தாவின், அதாவது தகப்பனாரின், பெயர். மலையாள எல்லையிலிருக்கும் வாளையாறு தாண்டிப் போயறியாத மனிதர். கோபேயில் அவர் பெயருக்குச் சம்பளம் வருகிறது. அவர் பெயரில் டிராம் பாஸ் இருக்கிறது. ஒரு முறை வாசலில் குப்பையைக் கண்ட நேரத்தில் வைத்ததற்காகத் தெருக்காரர்கள் அவரிடம் வருத்தம் தெரிவித்தார்கள். ஆபீசில் யாராவது “இபுராஹிமு-சான்” என்று கூப்பிட்டால், அத்தாவின் பெயரை உட்கார்ந்துகொண்டு கேட்பதா என்று எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். எழுந்தும் நிற்பேன். இந்தியர்களின் பணிவைப் பற்றி மேலதிகாரி மற்றவர்களிடம் புகழ்ந்து சொன்னார்.

பெயரைத் திருத்தச் சொல்லிப் பலமுறை ஸ்டேஷனுக்கு நடந்தேன். அதே அதிகாரி டீ கொடுத்து, நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் “ஹை, ஹை” என்பார். ‘ஹை’ என்றால் ‘ஆமாம்’ என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிற மனிதர் எதையுமே செய்யாமல் இருப்பது எப்படி என்று குழம்பினேன். அவர் ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை, நம்மூரில் கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவது போல் கொட்டியிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. அதற்குள் எனக்கு அந்தப் பெயர் பழகிவிட்டது.

3

மகள் ஜமீலாவுக்கு இந்தச் சிரமம் எதுவுமில்லை. அவளுக்கு ‘நே’ என்ற ஜப்பான் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வாக்கியத்தின் கடைசியில் போடுவார்கள்; நம் ‘ங்க’ போல் அதுவும் பேச்சை மெத்தென்று ஆக்கும். அதனால் எங்கள் வீட்டில் “சோறு போதும் நே”, “மழை வருது நே” என்று ஒரு தமிழ் நடமாடுகிறது. பாத்திமா திருத்திக்கொண்டே இருந்தாள். இப்போது அவளே மீன்காரரிடம் தமிழில் கணக்குப் பார்த்துவிட்டுக் கடைசியில் ‘நே’ போடுகிறாள்.

ஊருக்குக் கூட்டிப்போனபோது ஜமீலா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இடுப்பு வரை குனிந்தாள். என் அக்கா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, என்னத்தைப் போட்டே கீழ? நானும் தேடறேன்,” என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜமீலாவும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கோபேச் சிரிப்புதான்.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம், “அத்தா, நீங்க ஜப்பான் பேசினா குரல் சின்னதாப் போகுது. இங்க வந்தா பெருசாகுது. எது உங்க குரல்?” என்று கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் தன் தாயைப் பார்த்தாள். தாயும் மகளும் என்னை வைத்துச் சிரிப்பதற்கு அந்த வீட்டில் இடம் தாராளமாக இருந்தது.

அதே பயணத்தில்தான் மொரிதாவும் என்னுடன் கோயமுத்தூருக்கு வந்திருந்தார்.

4

மொரிதா எங்கள் கம்பெனியில் பஞ்சைத் தரம் பிரிப்பவர். முப்பது வயதிருக்கும், ஒல்லி, மூக்குக் கண்ணாடி, தாழ்ந்த குரல். ஒஸாக்காவில் தாயுடன் இருந்தார். ஒரு சிட்டிகைப் பஞ்சை விரல்களால் இழுத்து இழை நீளத்தைச் சொல்லிவிடுவார். அப்போது எங்கள் கம்பெனிக்கு வந்த கொங்குநாட்டுப் பஞ்சில் குட்டை இழை கலந்திருப்பதாக நூற்பாலைகள் தொடர்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தன. நேரில் போய் நல்ல சரக்குக்கு வழி செய்யுங்கள், முடியாவிட்டால் இந்தப் பிரிவையே மூடிவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மூடினால் மொரிதாவுக்கு வேறு பிரிவு கிடைக்கும். எனக்கு ஊருக்குக் கப்பல் டிக்கெட்தான் கிடைக்கும்.

நாங்கள் பார்க்கப் போனது தாராபுரத்துக்குப் பக்கத்தில் அமராவதிக் கரையில் பெரிய பண்ணையம் வைத்திருந்த பழனியப்பக் கவுண்டரை. சொந்தத் தோட்டத்துப் பருத்தி போக, சுற்றுவட்டாரத்துப் பருத்தியும் அவரிடம் வந்து சேரும். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கும் ஆலையும் வீட்டை ஒட்டியே இருந்தது. ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேசி முடித்த பிறகு ஓட்டலாம் என்று அவர் ஆலையை நிறுத்தி வைத்திருந்தார். செடியில் முதல் தடவை பறித்த முதல் எடுப்புப் பருத்தி கிட்டங்கி நிறைய இருந்தது. இடமில்லாமல் இரண்டாம் எடுப்பு களத்தில் மலைபோல் வெட்டவெளியில் கிடந்தது. இரண்டாம் எடுப்பின் இழை குட்டை. கலப்பு என்று ஜப்பானில் புலம்பியது அதைத்தான்.

வரவேற்பு தடபுடலாக இருந்தது. ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், இலை போட்டார்கள். இலையில் மிச்சம் வைத்தால் சமைத்தவர்களுக்கு அவமரியாதை என்பது மொரிதா வளர்ந்த முறை. இலை காலியாக இருந்தால் விருந்தாளிக்கு இன்னும் பசி என்பது கவுண்டர் வீட்டு முறை. மொரிதா ஒரு பருக்கை விடாமல் துடைத்தார். கவுண்டரின் மனைவி நாச்சம்மாள் மறுபடி போடச் சொன்னார். அவர் மறுபடி துடைத்தார். நான் ஜாடை காட்டியும் அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தபோது, அவர் ஊர் வழக்கப்படி நூல் நூலான அந்தச் சந்தகையைச் சத்தமாக உறிஞ்சினார். நாச்சம்மாள் கதவோரம் நின்று, “பாவம், கப்பல்ல ஒண்ணுமே கெடைக்கலியாட்ட இருக்குதுங்க,” என்று சொல்லி இன்னொரு கரண்டி போட வைத்தார்.

எழுந்திருக்க முடியாமல் எழுந்து மொரிதா என் காதருகே, “இவர்கள் எப்போது நிறுத்துவார்கள்?” என்று கேட்டார்.

“நீங்கள் எப்போது நிறுத்துகிறீர்களோ அப்போது,” என்றேன். அவருக்கு அது அன்று புரியவில்லை.

5

பேச்சு மறுநாள் காலையில் ஆரம்பித்தது. மொரிதாவுக்கு வேண்டியவை இரண்டு. முதல் எடுப்பு மட்டும் போதும். அது ஆலையில் ஓடி மூட்டையாகும்வரை கம்பெனி ஆள் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். கவுண்டருக்கு வேண்டியது ஒன்று: இரண்டு எடுப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆள் வைப்பதைப் பற்றி நான் தமிழில் சொன்னதும் கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு புன்னகை செய்தார். “ஆளு வெச்சுப் பாக்கறதுங்களா. அதுக்கென்னுங்க. தாராளமா… பாக்கலாங்க.”

இரண்டாம் எடுப்பைப் பற்றி மொரிதாவிடம் சொன்னதும் அவர் தலையைச் சற்றே சாய்த்து, பற்களுக்கிடையே காற்றை உள்ளே இழுத்தார். பிறகு சொன்னார், காங்காயெத்தே ஒகிமாஸ்.

இருவர் சொன்னதும் மறுப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை மறைக்கலாமா? இரண்டு பக்கமும் காரியம் கெட்டுவிடக் கூடாது என்று பட்டவர்த்தனமாகவே சொன்னேன். மொரிதாவிடம், “காவல் ஆள் வைப்பது இவருக்குப் பிடிக்கவில்லை,” என்றேன். கவுண்டரிடம், “ரெண்டாம் எடுப்பு வேண்டாங்கறாருங்க,” என்றேன்.

கவுண்டரின் முகம் வாடிவிட்டது. அதைக் கண்ட மொரிதா, நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பதறி எழுந்து, முழங்கால்மேல் கைகளை வைத்துக் கவுண்டருக்குக் குனிந்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லும்படி என்னிடம் சொன்னார். என்ன செய்வது? அதையும் மொழிபெயர்த்தேன்.

“வேண்டாம்னு அவரு சொல்லலையாமுங்க.”

“நான் மட்டும் எங்கீங்க மாட்டேன்னேன்?” என்றார் கவுண்டர். “அவரு பெரிய எடத்து மனுசரு, எத்தனை தன்மையாப் பேசறாரு. நீங்க எதுக்கு ராவுத்தரே, நடுவுல இல்லாததைச் சொல்லிப்போட்டீங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டார்கள். அதுவரை அந்நியர்களாக இருந்தவர்கள், நான் நாகரிகம் தெரியாதவன் என்ற ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள்.

நான் கிளம்பும்போது கவுண்டர் தணிந்த குரலில், “கோச்சுக்காதீங்க. கடல் தாண்டிப் போனதுல பேச்சுல கொஞ்சம் கரடு தட்டிப்போச்சுங்க உங்களுக்கு,” என்றார். கரடு தட்டாமல் இருப்பதற்காகக் கோபேயில் நான் எவ்வளவு குனிந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

சாயங்காலம் தாராபுரத்தில் நாங்கள் தங்கியிருந்த பங்களாவில் மொரிதா, “இபுராஹிமு-சான், உங்களுக்குப் பயணக் களைப்பு இருக்கும். நாளை ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்,” என்றார். எங்கள் ஆபீசில் யாரையாவது ஓய்வெடுக்கச் சொன்னால் அது திட்டு. அதற்குமேல் கடுமையாகத் திட்ட அவர்களுக்குத் தெரியாது.

6

அதன்பிறகு சொல்லுக்குச் சொல் மட்டும் மாற்றிக்கொடுத்தேன். இருவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள். கவுண்டர் கிணறுகளைக் காட்டினார், காளைகளைக் காட்டினார். மொரிதா காளைகளுக்கும் குனிந்தார். ஊரில் அவரைப் பிடிக்காதவர்களே இல்லை. பருத்தியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. ஆலை ஓடவில்லை. எங்கள் கப்பல் நாள் நெருங்கியது.

ஒரு காலை மேற்கே மேகம் திரண்டது. களத்தில் பருத்தி திறந்து கிடக்க, உள்ளே இரண்டு பேரும் வெற்றிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாச்சம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏனுங்க ராவுத்தரே, இவிய ரண்டு பேரும் என்னதான் பேசறாங்க? நாலு வார்த்தை பேசி முடிக்கிற காரியம். எனக்குச் சொல்லுங்க, நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்.”

இரண்டு மறுப்புகளையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“காவலுக்குன்னு ஒரு ஆளு என்ற ஊட்டு ஆலையில வந்து நின்னா, கவுண்டரு பஞ்சுல கலக்கறாருன்னு ஊரு பேசாதுங்களா? அதுக்குத்தான் இவரு மழுப்பறாரு.”

“அவங்க ஊருல சொந்த மாமன் கிட்டங்கியா இருந்தாலும் ஆள் நின்னுதானுங்க பாப்பாங்க. சந்தேகம் இல்லீங்க, அது அவங்க வழக்கம்.”

“வழக்கம்னு எனக்குச் சொல்றீங்க. ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லுவீங்களா?” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அப்ப அந்தத் தம்பியே நம்மூட்டுக்கு ஒரம்பரையா வந்து இருக்கட்டும். காவலுக்கு வந்தவன் ஆலைக்குள்ள நொழைஞ்சாத்தான் பேச்சு. ஒரம்பரையா வந்தவரு எங்க வேணா நிக்கலாம், எதை வேணாத் தொட்டுப் பாக்கலாம். ஆருங்க கேக்கறது?”

ஒரம்பரை என்றால் விருந்தாளி. அந்தப் பக்கத்தில் விருந்தாளிக்கு மறுப்பே கிடையாது.

இதை மொரிதாவிடம் கொண்டுபோகும்போது, சம்மதமா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் என்ன வரும் என்று தெரியும். “நீங்களே இந்த வீட்டு விருந்தாளியாகச் சில மாதம் தங்குவதானால், ஆலைப் பக்கத்து அறையா, தோட்டத்துப் பக்கத்து அறையா, எது வசதி?” என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கப்பல் டிக்கெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“குளிக்க வெந்நீர் கிடைக்குமா?” என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. ஆலைப் பக்கத்து அறைக்கு ஒரு அண்டா வெந்நீர் தினமும் வரும் என்று நாச்சம்மாள் சார்பில் நானே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கவுண்டரிடம் இரண்டாம் எடுப்பு பாக்கி இருந்தது. அதையும் வேண்டாம், வேண்டும் என்று பேசாமல், “களத்துப் பருத்திக்குக் கோயமுத்தூரு மில்லு வண்டி எப்ப வருதுங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்குக் காலையில வந்துருமுங்க. அன்னிக்கே ஆளனுப்பிச்சுப்போட்டேன்.”

“என்னிக்கேங்க?”

“அவரு பல்லுக்குள்ள காத்தை இழுத்தாரு பாருங்க, அன்னிக்கேதான். மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா? அதைப் போயி வாயால வேற சொல்லோணுமுங்களா ராவுத்தரே?”

இரண்டு பாஷையும் படித்த நான் இருவருக்கும் விளங்கவைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. அவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது, விளங்கியதை வெளியே சொல்லாமல் அடுத்த படிக்குக் கூட்டிப்போவதை. உத்தியோகத்துக்காக வெளிநாடு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள், கற்றுக்கொண்டதை எல்லாம் அவிழ்த்து விடாதீர்கள். வேறு எந்தப் புத்திசாலித்தனமும் எனக்கு வாய்க்கவில்லை.

மறுநாள் வண்டிகள் வந்து களம் காலியான பிறகுதான் மழை பிடித்தது. அதற்கடுத்த நாள் ஆலை ஓடியது.

7

மொரிதா அங்கே பொங்கல் வரை இருந்தார். நான் கோபேக்குத் திரும்பிவிட்டேன். அந்த வருஷத்துத் தாராபுரம் பஞ்சைப் பற்றி ஒரு நூற்பாலைகூடக் குறை சொல்லவில்லை. விருந்தாளி பார்த்துக்கொண்டு நிற்கும்போது எந்தக் கவுண்டர் கலப்பார்? எங்கள் பிரிவு மூடப்படவில்லை. அடுத்த வருஷமும் மொரிதாவே போனார். திரும்பி வந்தபோது கொஞ்சம் சதை போட்டிருந்தார். தமிழ் பேசினார். கிராமபோன் தட்டு போல ஒரே சுருதியில், ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ வைத்து, கேட்டவர்கள் தாராபுரத்தில் பிறந்தவர் என்று நினைக்கும்படி பேசினார். ஆபீசில் நாங்கள் இருவரும் தமிழில் பேசினால் மேலதிகாரி எதையோ மறைக்கிறோம் என்று சந்தேகப்பட்டார். மறைத்ததெல்லாம் அன்றைய மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிய எங்கள் அபிப்பிராயம்தான்.

பிறகு சீனத்தில் சண்டை ஆரம்பித்தது. பஞ்சு இறக்குமதி சுருங்கியது. ஆபீசில் இளைஞர்களின் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

இந்த வருஷம் கவுண்டர் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மஞ்சள் தடவிய பத்திரிகைகள் இரண்டு கோபேக்கு வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று மொரிதாவுக்கு. அவர் சில நாட்களாக ஆபீசுக்கு வரவில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் ஒஸாக்காவுக்குப் போனேன். தெரு திரும்பியதுமே தெரிந்துவிட்டது. அவர் வீட்டு வாசலில் பெயர் எழுதிய உயரமான வெள்ளைத் துணிக்கொடிகள் நட்டிருந்தார்கள். பட்டாளத்துக்கு அழைப்பு வந்த வீடுகளில் அப்படித்தான் நடுவார்கள்.

உள்ளே அக்கம்பக்கத்தார் வந்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்கு வாழ்த்துத்தான் சொல்ல வேண்டும். மொரிதா ஒவ்வொருவருக்கும் குனிந்து நன்றி சொன்னார். அவர் தாய், சிறிய உருவம், எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்த முகமாகவே இருந்தார். என் முறை வந்தபோது அந்த வாழ்த்து எனக்கு வாயில் வரவில்லை. பத்திரிகையை நீட்டினேன்.

மொரிதாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இரண்டு கைகளாலும் வாங்கி, மஞ்சளை முகர்ந்து பார்த்தார்.

“அம்மணிக்குங்களா?” என்றார் தமிழில். கவுண்டர் மகளை அந்த வீட்டில் அம்மணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஆமாங்க. தை மாசம். உங்களைக் கண்டிப்பா வரச் சொல்லியிருக்காங்க.”

அவர் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்தவர்களுக்கு எங்கள் பேச்சு புரியாது. அதனால்தானோ என்னவோ, தலையைச் சாய்க்காமல், காற்றை இழுக்காமல், என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“முடியாதுங்க. கவுண்டருகிட்டச் சொல்லிப்போடுங்க. என்னால வர முடியாதுங்க.”

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மறுப்பு அது. கேட்டுக்கொண்டேன். தலையைக் குனிந்தேன்.

டீக் கோப்பையுடன் பக்கத்தில் வந்த அவர் தாய், என்ன பேசிக்கொண்டீர்கள் என்று என்னைக் கேட்டார். இவர் தங்கியிருந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம், அழைத்திருக்கிறார்கள் என்றேன்.

“இவன் போவதாகச் சொன்னானா?”

மொரிதா என்னைப் பார்த்தார்.

“சொன்னார் அம்மா,” என்றேன்.

அவர் கோப்பையை என் முன்னால் வைத்தார். அப்படியானால் பெண்ணுக்குக் கொண்டுபோக ஒரு நல்ல பட்டு எடுத்து வைக்க வேண்டும், அந்தப் பெண்ணுக்கு என்ன நிறம் பொருந்தும் என்று என்னிடம் கேட்டார். மாநிறம், அடர்ந்த பச்சை பொருந்தும் என்றேன். பச்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெட்டியைத் திறக்க உள்ளே போனார்.